மோல்டு சொல்லும் வரலாறு: பேட்மேன் பொம்மைகளையும் வண்டிகளையும் சேகரிப்பது பற்றி

1992 ஜூன் மாதம் வெளியான ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் வரும் பெங்குவினை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். டேனி டிவிட்டோ நடித்த அந்தப் பாத்திரம் சாக்கடையில் வளர்ந்தது. வாயோரம் கறுப்பாக ஏதோ வழிந்துகொண்டிருக்கும், விரல்கள் துடுப்புபோல் ஒட்டியிருக்கும், பச்சை மீனை அப்படியே கடித்துத் தின்னும். அந்தப் படத்துக்கென்று அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் அதே ஆண்டு கடைக்கு அனுப்பிய பெங்குவின் பொம்மையோ உயரமான தொப்பியும் வால்கோட்டும் அணிந்த, விருந்துக்குக் கிளம்பிய கனவான். டிவிட்டோவின் சாயல் அதில் துளியும் இல்லை. 1984-இல் ‘சூப்பர் பவர்ஸ்’ என்ற வரிசைக்காக இதே நிறுவனம் செய்த பெங்குவினின் மோல்டு கையில் இருந்தது. அதில் மறுபடி ஊற்றி, வண்ணத்தை மாற்றி, புதுப் படத்தின் பெயர் போட்ட அட்டையில் ஒட்டிவிட்டார்கள்.

பழைய சூப்பர்ஹீரோ படங்களின் பொம்மைகளையும் வண்டிகளையும் சேர்ப்பவர்கள் உண்மையில் எதைச் சேர்க்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்தப் பெங்குவின் நல்ல தொடக்கம். படத்தின் நினைவைச் சேர்க்கிறோம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். விலைப்பட்டியல்களும் அப்படித்தான் பேசுகின்றன: எந்தப் படம், எந்தப் பாத்திரம், பெட்டி திறந்ததா திறக்காததா. ஆனால் ஒரு பொம்மையைத் திருப்பி அதன் பாதத்தையும் முதுகையும் பார்க்கப் பழகியவர்களுக்கு வேறொன்று தெரியவரும். கையில் இருப்பது முதலில் ஒரு தொழிற்சாலையின் ஆவணம். படம் அதற்கு மேலே பூசிய வண்ணம். எஃகில் மோல்டு வெட்டுவது பெருஞ்செலவு. வெட்டிய மோல்டு நிறுவனத்தின் சொத்து. படம் வெளியாகும் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. இந்த மூன்றும் சேர்ந்துதான் பொம்மையின் உருவத்தைத் தீர்மானித்தன. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் சேகரிப்பில் எது அரியது, எது போலி, எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை மாறுகிறது.

பேட்மேனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1966 முதல் 1997 வரை பொம்மைத் தொழிலின் பெரிய கைகள் பலவற்றில் இந்தப் பாத்திரம் மாறிமாறி இருந்திருக்கிறது. கார்கி, மீகோ, கென்னர், டாய் பிஸ், எர்ட்டில் என்று ஒரே கதாநாயகனைப் பின்தொடர்ந்தாலே முப்பது ஆண்டுப் பொம்மைத் தொழிலைப் பார்த்துவிடலாம்.

முதலில் கார். 1933-இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பிலிப் உல்மன் தொடங்கிய மெட்டாய் நிறுவனம்தான் 1956-இல் ‘கார்கி டாய்ஸ்’ என்ற பெயரில் டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) கார்களை விற்க ஆரம்பித்தது. வடிவமைப்பு நார்த்தாம்ப்டனில், வார்ப்பு வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில். தலைமை வடிவமைப்பாளர் மார்செல் வான் கிளீம்புட். 1965-இல் இவர்கள் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-தான் திரைப்பட வண்டிப் பொம்மைகளின் போக்கையே மாற்றியது. மேற்கூரை திறந்து ஆளைத் தூக்கி எறியும், முன்பக்கம் துப்பாக்கி நீளும், பின்னால் குண்டு துளைக்காத தகடு எழும். பாண்ட் சூப்பர்ஹீரோ இல்லைதான். ஆனால் பின்னால் வந்த எல்லாமே இதைப் பார்த்துக் கற்றவை என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. படத்தில் கார் வெள்ளி நிறம். பொம்மை தங்க நிறம். வெள்ளி பூசினால் வர்ணமே பூசாத வெறும் வார்ப்புபோலத் தெரியும் என்று பயந்து தங்கத்துக்குப் போனார்கள். உடலும் முழுக்கப் புதியதன்று. ஏற்கெனவே கையில் இருந்த டிபி4 காரின் மோல்டைத் திருத்தியமைத்தது. படத்தை அப்படியே பிரதியெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே முதலிடத்தில் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு பேட்மொபைல். 1966 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடித்த தொடர் தொடங்கியது. அந்தக் கோடையிலேயே அதே நடிகர்களை வைத்து முழுநீளப் படமும் வந்தது. அந்தக் காரே ஒரு மறுபயன்பாடுதான். 1955-இல் ஃபோர்டு நிறுவனத்துக்காக இத்தாலியின் தூரின் நகரில் கியா பட்டறை கைவேலையாகக் கட்டிய லிங்கன் ஃபியூச்சுரா என்ற கண்காட்சிக் காரை ஜார்ஜ் பாரிஸ் என்ற வண்டி அலங்காரக் கலைஞர் பெயருக்கு ஒரு டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். தொடருக்குக் கார் வேண்டும், நேரமோ மூன்று வாரம் என்ற நிலையில் அதைக் கறுப்பாக்கி, செந்நிறக் கோடிட்டு, வால்சிறகை வௌவால் இறக்கையாக வெட்டிவிட்டார். 2013 ஜனவரியில் அந்த அசல் கார் ஏலத்தில் 46 இலட்சம் டாலருக்கு மேல் போனது.

கார்கியின் 267-ஆம் எண் பேட்மொபைல் சுமார் ஐந்து அங்குல நீளம். கையில் எடுத்தால் எடை தெரியும். துத்தநாகக் கலவையின் எடை. உள்ளே பேட்மேனும் ராபினும் முகமூடியோடு உட்கார்ந்திருப்பார்கள். காரைத் தரையில் உருட்டினால் பின்னால் ஜெட் குழாயிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் தழல் உள்ளும் வெளியும் துடிக்கும். மூக்கிலிருந்து சங்கிலி அறுக்கும் கத்தி தாவி வரும். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூன்று குழாய்களில் மஞ்சள் நிறச் சிறு ராக்கெட்டுகளைச் செருகி ஒவ்வொன்றாக எய்யலாம். பன்னிரண்டு ராக்கெட்டுகளை ஒரே பிளாஸ்டிக் தண்டில் ஒட்டவைத்துப் பெட்டியில் கொடுத்தார்கள். கூடவே உறையில் இட்ட ‘ரகசிய’க் குறிப்புத்தாள். முதலில் வந்தவற்றின் சக்கர மூடிகளில் வௌவால் சின்னம் இருக்கும். பிற்பாடு சக்கரம் மாறியது. பேட்போட் படகை இழுக்கப் பின்னால் கொக்கி வந்தது. எழுபதுகளின் முடிவுவரை இதன் உற்பத்தி தொடர்ந்தது. ஆகவே ‘1966 பேட்மொபைல்’ என்று சொல்லி விற்கப்படும் காரில் கொக்கி இருந்தால், அது 1966-இல் ஸ்வான்சியைவிட்டு வெளிவந்ததாக இருக்க முடியாது.

பன்னிரண்டு ராக்கெட்டும் தண்டோடு அப்படியே இருக்கும் ஒரு பெட்டி பெரிய தொகைக்குப் போகிறது. அந்த விலை நியாயமா என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் அந்தக் கார் செய்யப் படைக்கப்பட்ட வேலை எதுவும் நடக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. ராக்கெட் எய்யப்பட்டு, கட்டிலுக்கடியில் தொலைந்து, தழல் சிவப்பு மங்கிப்போன காரைத் திறந்து பார்த்தால் உள்ளே உள்ள நெம்புகோல், வில், அச்சாணி எல்லாம் எப்படி இணைகின்றன என்று தெரியும். அடித்தட்டின் ரிவிட்டுகளைக் கழற்றிப் படம் எடுத்த சேகரிப்பாளர்களால்தான் காலத்துக்குக் காலம் வந்த மாற்றங்களை வரிசைப்படுத்த முடிந்திருக்கிறது. சீல் உடையாத பெட்டி தன்னைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

கார்கியின் தொழிற்சாலை 1983-இல் கடனில் மூழ்கியது. அதற்குள் சூப்பர்மேனுக்கு சூப்பர்மொபைல், ஸ்பைடர்மேனுக்குக் கூண்டு வண்டியும் ஹெலிகாப்டரும், கேப்டன் அமெரிக்காவுக்கு ஜெட்மொபைல் என்று எந்தப் படத்திலும் இல்லாத வண்டிகளையும் செய்துவிட்டிருந்தது. பறக்கத் தெரிந்த சூப்பர்மேனுக்கு வண்டி எதற்கு என்று குழந்தைகள் கேட்டதில்லை.

ஆளுருவப் பொம்மைகளின் கதை மீகோவிலிருந்து தொடங்குகிறது. நியூயார்க்கின் மீகோ நிறுவனம் 1971-இல் ‘ஆக்‌ஷன் ஜாக்சன்’ என்ற எட்டு அங்குல வீரனை வெளியிட்டுப் பார்த்தது. அது நினைத்த அளவு போகவில்லை. அடுத்த ஆண்டு அதே உடம்புக்கு வேறு தலை பொருத்தி, துணியில் உடை தைத்து, ‘உலகின் மாபெரும் சூப்பர்ஹீரோக்கள்’ வரிசையைத் தொடங்கியது. சூப்பர்மேனும் பேட்மேனும் ஸ்பைடர்மேனும் உடைக்குள்ளே ஒரே ஆள். போட்டி நிறுவனங்களான டிசி, மார்வெல் இரண்டின் நாயகர்களும் ஒரே பொம்மை நிறுவனத்தின் ஒரே உடலில் வந்தது இந்த வரிசையின் தனிச்சிறப்பு. முதலில் வந்த பேட்மேனின் முகமூடி தனித்துண்டு. கழற்றினால் உள்ளே புரூஸ் வேனின் முகம். பிறகு செலவைக் குறைத்து முகமூடியைத் தலையோடு சேர்த்தே வார்த்தார்கள். கழற்றக்கூடிய முகமூடி தொலைந்துபோகும் பொருள் என்பதால் அது இன்று கூடுதல் விலை. போலி முகமூடிகளும் அதனாலேயே அதிகம். முகமூடி அணியாத கிளார்க் கென்ட், புரூஸ் வேன், டிக் கிரேசன், பீட்டர் பார்க்கர் நால்வரும் மான்ட்கோமரி வார்டு என்ற அஞ்சல்வழிக் கடையில் மட்டும் கிடைத்தார்கள். கோட்டு சட்டை போட்ட சாதாரண மனிதன் பொம்மையாக வந்தால் எந்தக் குழந்தைக்கு வேண்டும்? அதனால் விற்ற எண்ணிக்கை குறைவு. அதனாலேயே இன்று மீகோ சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதும் அந்த நால்வரைத்தான்.

1978 டிசம்பரில் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த ‘சூப்பர்மேன்’ வந்தபோது மீகோ பன்னிரண்டு அங்குல அளவில் சூப்பர்மேன், ஜோர்-எல், லெக்ஸ் லூதர், ஜெனரல் ஸாட் ஆகியோரை வெளியிட்டது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமை தேடி வந்தபோது மீகோ அதை மறுத்திருந்தது. சின்சினாட்டியின் கென்னர் அதை எடுத்துக்கொண்டது. நாலங்குலத்துக்கும் குறைவான, துணி உடை இல்லாத, முழுக்க பிளாஸ்டிக்கான, வண்டிக்குள் உட்காரவைக்கத்தக்க பொம்மையே இனிச் செல்லும் என்று சந்தை முடிவுகட்டிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் மீகோ திவாலானது. சிறிய அளவு வென்றதற்கு வண்டிகள் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. எட்டு அங்குல ஆளுக்கு ஏற்ற பேட்மொபைல் ஓர் அலமாரித் தட்டை அடைத்துக்கொள்ளும். சின்ன ஆளுக்குச் சின்ன வண்டி போதும். ஒரு பிள்ளையிடம் நான்கைந்து வண்டிகள் சேரலாம்.

கென்னரின் ‘சூப்பர் பவர்ஸ்’ 1984 முதல் 1986 வரை மூன்றே ஆண்டுகள் வந்தது. எந்தத் திரைப்படத்துக்கும் கட்டுப்படாத வரிசை இது. என்றாலும் பின்னால் வந்த படப் பொம்மைகள் பல இதன் வாரிசுகள் என்பதால் இங்கே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் ஒவ்வொரு பொம்மையின் உடலுக்குள்ளும் ஓர் இயக்கம் உண்டு. சூப்பர்மேனின் இரு கால்களையும் சேர்த்து அமுக்கினால் கைகள் குத்துவிடும். ஃபிளாஷின் கைகளை அமுக்கினால் கால்கள் ஓடும். நாற்பதாண்டு கழித்து ஒரு ‘லூஸ்’ பொம்மையை, அதாவது அட்டையிலிருந்து பிரித்த பொம்மையைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளர் முதலில் செய்வது இதைத்தான்: காலை மெல்ல அமுக்கிப் பார்ப்பது. குத்து விழுந்தால் உள்ளே உள்ள நெம்புகோல் உயிரோடிருக்கிறது. அட்டையில் அடைபட்ட பொம்மையில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

இந்த வரிசையில் இரண்டு செய்திகள் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். ஒன்று, ஜாக் கெர்பி. டார்க்ஸைடு முதலிய பாத்திரங்களை எழுபதுகளின் தொடக்கத்தில் காமிக்ஸில் படைத்தவர். அன்றைய ஒப்பந்தப்படி அவருக்குப் பொம்மை விற்பனையில் பங்கு கிடைக்க வழியில்லை. டிசி நிறுவனம் அதே பாத்திரங்களைப் பொம்மைக்காகப் புதிதாக வடிவமைத்துத் தரச் சொல்லி, அந்த வழியில் அவருக்கு உரிமைத்தொகை கிடைக்கச் செய்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சம்பாதிக்கப் பாத்திரங்களைப் படைத்துக் கொடுத்த ஒரு கலைஞனுக்கு முதுமையில் அவை ஏதோ திருப்பித் தந்தது பொம்மையின் வழியாகத்தான். மற்றொன்று, மூன்று ஆண்டுகளில் வந்த முப்பதுக்கு மேற்பட்ட உருவங்களில் பெண் ஒருத்திதான்: வொண்டர் உமன். பொம்மைக் கடையில் ஆண்பிள்ளைகளின் வரிசை, பெண்பிள்ளைகளின் வரிசை என்று போட்ட கோடு எவ்வளவு தடித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மோல்டுகள் ஊர் விட்டு ஊர் போவதும் இந்த வரிசையில்தான் நன்றாகத் தெரிகிறது. தென் அமெரிக்காவில் ‘சூப்பர் அமிகோஸ்’ என்ற பெயரில் வந்தபோது, கென்னர் செய்யாத ரிட்லர் அங்கே பிறந்தான். கிரீன் லான்டர்னின் உடலுக்கு வேறு வண்ணம் பூசிச் செய்தது அது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று அதற்காக ஏங்குகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் உரிமத்தில் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இந்தியாவில் செய்தது. அமெரிக்காவில் பச்சையும் காக்கியுமாக வந்த வீரர்கள் இங்கே வேறு வேறு நிறங்களில் வந்தார்கள். நம் பிள்ளைகள் மண்ணில் போட்டு விளையாடிய அந்தப் பொம்மைகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘இந்திய வகை’ என்று தனியாக வகைப்படுத்தித் தேடி வாங்குகிறார்கள். பழைய வீட்டின் பரணிலிருந்து அப்படி ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடுவதற்கு முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

1989-க்கு வருவோம். டிம் பர்ட்டனின் ‘பேட்மேன்’ ஜூன் மாதம் வெளியானது. ஜோக்கராக நடித்த ஜாக் நிக்கல்சன் வணிகப் பொருட்களின் வருவாயிலும் பங்கு பேசி வைத்திருந்தார் என்பதிலிருந்தே ஸ்டுடியோ வட்டாரத்தில் பொம்மைக்கு இருந்த மதிப்பு விளங்கும். ஆனால் கென்னர் கையில் அப்போது உரிமம் இல்லை. டாய் பிஸ் என்ற புதிய நிறுவனத்துக்குப் போயிருந்தது. நாயகன், வில்லன் இருவரோடு அவர்கள் செய்த மூன்றாவது ஆள் பாப்: ஜோக்கரின் அடியாள், படத்தில் சில காட்சிகளில் மட்டும் வருபவன். கால் உதைக்கும் பொம்மையாக அவன் வந்தான். அவனைத் தவிர அடியாள் யாரும் கடையில் இல்லாததால் தெருவிளையாட்டுகளில் எத்தனை அடி வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். டாய் பிஸ் பேட்மேனுக்கு மூன்று வகை முகங்கள் உண்டு: மைக்கேல் கீட்டனின் சாயல் கொண்டது, தாடை சதுரமானது, தாடை உருண்டையானது. முகமூடிக்குக் கீழே தெரிவது வாயும் தாடையும் மட்டுமே. அந்த விரல்நுனி அகல இடத்தில் உள்ள வேறுபாட்டை வைத்துச் சேகரிப்பாளர்கள் மணிக்கணக்காக வாதிடுகிறார்கள்.

அதில் ஓர் உட்பொருள் உண்டு. நடிகரின் முகத்தைப் பொம்மையில் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கட்டைவிரல் அளவுத் தலையில் சாயலைக் கொண்டுவருவது கடினம். வண்டிக்கு முகம் கிடையாது. ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்து, இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் செவ்ரொலே இம்பாலாவின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய அந்த நீண்ட கறுப்புப் பேட்மொபைலை வரைபடம் பார்த்து அப்படியே சிறிதாக்கிவிடலாம். எர்ட்டில் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 1:43 அளவு டை-காஸ்ட் காரை அலமாரியில் வைத்துவிட்டுப் படத்தைப் போட்டால் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகும். 1992 படத்தில் குறுகிய சந்துக்குள் நுழையப் பேட்மொபைல் இரு பக்கங்களையும் உதிர்த்துவிட்டு ஒல்லியான ஏவுகணையாக மாறும் காட்சி வரும். கென்னர் பொம்மையும் அப்படியே பக்கங்களை உதிர்த்தது. மனிதர்களைப் பழைய மோல்டில் ஊற்றிய அதே நிறுவனம், அதே ஆண்டில், வண்டிக்கு மட்டும் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. படத்தைச் சேகரிக்க விரும்புகிறவருக்கு என் பரிந்துரை வண்டிகள். தொழிலின் வரலாற்றைச் சேகரிக்க விரும்புகிறவருக்கு ஆட்கள்.

1990-இல் பேட்மேன் உரிமம் கென்னருக்குத் திரும்பியது. ‘டார்க் நைட் கலெக்‌ஷன்’ என்ற பெயரில் ஒரு பேட்மேனைப் பல உடைகளில் விற்கும் வித்தையை அவர்கள் அங்கே கற்றார்கள். படத்தில் ஒரே கறுப்புடை; கடையில் நீலமும் மஞ்சளும் வெள்ளியுமாக வரிசை கட்டி நின்றன. ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ வரிசையில் ராபினும் வந்தான். படத்தின் திரைக்கதையில் முதலில் ராபின் இருந்தான், நடிகர்கூடப் பேசப்பட்டிருந்தார். பிறகு பாத்திரமே நீக்கப்பட்டது. பொம்மை மட்டும் கடைக்குப் போனது. கென்னரின் இந்தப் பழக்கம் பேட்மேனோடு நிற்கவில்லை. 1991-இல் கெவின் காஸ்னரின் ‘ராபின் ஹுட்’ படத்துக்கு அவர்கள் செய்த வில்லாளனின் உடல் ‘சூப்பர் பவர்ஸ்’ கிரீன் ஆரோவுடையது. ஃபிரையர் டக்கின் உடல் ‘ஸ்டார் வார்ஸ்’ காவலனுடையது. ஷெர்வுட் காடு அதே ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ஈவோக் மரக்கிராமம்.

‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று அமெரிக்கப் பெற்றோர் கொதித்தார்கள். மெக்டொனால்ட்ஸ் அந்தப் படத்தின் பொம்மைகளைக் குழந்தைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது பிரச்சினையானது. அடுத்த படங்களை இயக்க ஜோயல் ஷூமேக்கர் வந்தார், வண்ணங்கள் கூடின. 1997-இல் வந்த ‘பேட்மேன் & ராபின்’ படப்பிடிப்பைப் பற்றி ராபினாக நடித்த கிறிஸ் ஓ’டானல், முந்தைய படத்தில் படம் எடுப்பதாகத் தோன்றியது, இதில் பொம்மை விளம்பரம் எடுப்பதாகத் தோன்றியது என்ற பொருளில் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். படத்துக்குப் பொம்மை என்ற வரிசை தலைகீழாகப் பொம்மைக்குப் படம் என்றானது இந்த இடத்தில்தான். என் ஆய்வின் எல்லையையும் அதனால்தான் 1997-இல் வைத்தேன். 1991-லேயே ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போயிருந்த கென்னரின் சின்சினாட்டி அலுவலகம் 2000-இல் மூடப்பட்டது.

இனிச் சந்தை. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பலர் இந்தப் பொம்மைகளை முதலீடாக நினைத்துப் பெட்டிபெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் அடுக்கினார்கள். விளைவு, 1995, 1997 படங்களின் பேட்மேன் பொம்மைகள் இன்றும் பிரிக்காத அட்டையோடு ஏராளம், விலையும் மலிவு. 1960-களின், 70-களின் பொம்மைகள் அரியவையானது யாரும் அவற்றைக் காப்பாற்றாததால்தான். விளையாடி உடைத்தார்கள், தம்பிக்குக் கொடுத்தார்கள், குப்பையில் போட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம். காப்பாற்றத் திட்டமிட்டவை பெருகின, விளையாடப்பட்டவை அருகின. இதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய படப் பொம்மைகளைப் பிரிக்காமல் அடுக்கிவைப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையிடம் கொடுங்கள்.

தரம் பார்த்து எண் போட்டு, கெட்டி அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வந்துவிட்டன. போலியிலிருந்து வாங்குபவரை அவை ஓரளவு காக்கின்றன என்பது உண்மை. ஆனால் அடைத்தபின் பாதத்தில் உள்ள எழுத்தைப் படிக்க முடியாது, மூட்டை அசைத்துப் பார்க்க முடியாது, உள்ளே பிளாஸ்டிக் கசிகிறதா என்று முகர்ந்து பார்க்கவும் முடியாது.

போலிகளைப் பற்றி: முழுப் பொம்மையைவிடத் தொலையும் உறுப்புகளில்தான் போலி அதிகம். சூப்பர் பவர்ஸ் பேட்மேனின் துணி மேலங்கி, கார்கியின் மஞ்சள் ராக்கெட், மீகோவின் கையுறை, அட்டையின் பிளாஸ்டிக் குமிழி. விற்பவர் ‘புதிதாகச் செய்தது’ என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை. உடைந்த காருக்கு ராக்கெட் கிடைத்தால் நல்லதுதான். சொல்லாமல் விற்பதுதான் மோசடி. அச்சிட்ட அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அசல் ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணப் புள்ளிகள் கூர்மையாக ஒழுங்கான கோணங்களில் இருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டதில் புள்ளிகள் கலங்கி, சிறு எழுத்துகளின் விளிம்பு நொறுங்கும். புற ஊதா விளக்கில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் புதிது என்று ஒரு சோதனை சொல்வார்கள். ஐம்பதுகளிலேயே காகிதத்தில் வெண்மையூட்டிகள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. பாதத்திலும் முதுகிலும் உள்ள ஆண்டு பெரும்பாலும் மோல்டின் பதிப்புரிமை ஆண்டு. பொம்மை ஊற்றப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டைவிட அதன் பக்கத்தில் உள்ள நாட்டின் பெயர்தான் அதிகம் பேசும். ஹாங்காங், மக்காவு, சீனா என்று உற்பத்தி இடம்பெயர்ந்த பாதையை ஒரே பாத்திரத்தின் பல பிரதிகளை வைத்தே தொடரலாம்.

காப்பாற்றுவதைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். பொம்மைச் சேகரிப்பு பற்றிய ஆங்கிலக் கையேடுகள் குளிர்ந்த, உலர்ந்த நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையிலோ நாகையிலோ யாழ்ப்பாணத்திலோ கடற்காற்று அடிக்கும் வீட்டில் எதிரிகள் வேறு. அடைமழைக் காலத்தில் அட்டையில் ஓதம் ஏறி அலையலையாக நெளியும். பிறகு பூஞ்சை பூக்கும். பசையை இராமபாணப் பூச்சி தின்னும். சுவரோடு ஒட்டிவைத்த அலமாரியில் கரையான் ஏறும். மீகோ பொம்மைகளின் முதல் வகை உடலில் மூட்டுகளை உலோக ரிவிட் பிடித்திருக்கும். அது துருப்பிடித்து பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறை விடும். உள்ளே கைகால்களைக் கட்டிவைத்திருக்கும் ரப்பர் வளையம் வெப்பத்தில் இளகி அறுந்தால் உடம்பு கழன்று விழும். அது ஒன்றும் பெரிய சேதமில்லை; புதிய ரப்பர் கட்டலாம். மென்மையான பிவிசி தலைகளும் காலணிகளும் ஆண்டுகள் போகப்போகப் பிசுபிசுக்கும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியேறுவதுதான் காரணம். அப்படிப் பிசுபிசுத்த பொம்மையை வேறு பொம்மையோடு ஒட்டி வைத்தால், அதன் மேலும் உருகிய தழும்பு விழும்.

துணி அலமாரியில் போடுவதுபோல் அந்துருண்டையை இவற்றோடு போட்டுவிடக் கூடாது. நாப்தலின் ஆவி பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை இளகவைக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் வைக்கலாம். அது நீரை உறிஞ்சி நிறைந்ததும் காயவைத்துத் திரும்ப வைக்க மறக்கக்கூடாது. காற்றுப் புகாத பெட்டியில் இறுக்கி மூடுவதைவிடச் சற்றுக் காற்றோட்டம் உள்ள இடமே நல்லது. வெளியேறும் ஆவிகள் உள்ளேயே தங்கினால் கேடு வேகமாகும். வெயில் நேரடியாகப் படும் சாளரத்தில் வைத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா ஒளியில் வைத்து வெளுக்கும் முறை 2008 வாக்கில் பழைய கணினி ஆர்வலர்களிடமிருந்து பொம்மை உலகத்துக்கும் பரவியது. பார்க்க வெண்மையாகும், ஆனால் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு, பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுவதும் உண்டு. மஞ்சளடித்ததை அப்படியே வைத்திருப்பதே என் வழக்கம். அறுபதுகளின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் காலத்துக் கார்களை மட்டும் கைக்குழந்தைகளிடம் தராமல் இருப்பது நல்லது.

ஒரு குறை மீதி இருக்கிறது. கார்கியின் வடிவமைப்பாளர் வான் கிளீம்புட் தன் நிறுவனத்தின் கார்களையெல்லாம் தொகுத்து 1989-இல் பெரிய நூலாகவே எழுதிவைத்தார். அதனால் எந்த மாற்றம் எப்போது வந்தது என்று ஸ்வான்சி கார்களைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது. ஹாங்காங்கிலும் மக்காவுவிலும் பேட்மேனின் தாடைக்கு வண்ணம் தீட்டியவர்கள் யாரும் இப்படி ஒரு புத்தகம் எழுதவில்லை. அந்தத் தொழிற்சாலைகளைப் பற்றிய செய்தி பெரும்பாலும் பொம்மைகளின் உடம்பிலேயே இருக்கிறது: ஊற்றிய துளையின் வடு, இரண்டு பாதிகள் சேரும் கோடு, மோல்டு தேயத்தேய மழுங்கும் எழுத்து, தூரிகை தவறிய இடம். ஆகவே ஒரு பொம்மையை வாங்கும்போது முன்பக்கப் படத்தோடு அடிப்பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எங்கே, யாருடைய பரணிலிருந்து, எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்று விற்பவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் பொம்மையோடு வையுங்கள். அந்தத் தாளுக்கு அமிலம் இல்லாத காகிதத்தையும் பென்சிலையும் பயன்படுத்துங்கள். பேனா மை நம் ஊர் ஓதத்தில் கசியும்.